‘மீண்டும் வருக’ என்று எழுதாத பலகை

32 ஆண்டுகளாக நான் எழுதிவரும் எழுத்து ஒரே வகையைச் சேர்ந்தது. பெயர், வயது, ஊர், வந்த தேதி, வந்த காரணம், காலி செய்த தேதி, கையொப்பம். வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையிலிருந்து நோயாளியே மெதுவாக நடந்து வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு லாட்ஜில், பதிவேட்டின் கட்டங்களை நிரப்புவதுதான் என் பிழைப்பு. மற்ற ஊர் லாட்ஜ்களில் ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தில் திருமணம், வியாபாரம், கோயில் என்று பலவும் இருக்கும். எங்கள் பதிவேட்டில் பக்கத்தின் முதல் வரியில் ‘சிகிச்சை’ என்று எழுதிவிட்டு, கீழே உள்ள வரிகளுக்கெல்லாம் ‘மேற்படி’ என்று இரண்டு கோடு போட்டுவிடுவோம். காலி செய்த தேதிக்கு அப்பால் அந்தப் பதிவேட்டில் கட்டம் எதுவும் கிடையாது. வந்தவர் பிழைத்தாரா, ஊர் போய்ச் சேர்ந்தாரா என்பது அநேகமாக எங்களுக்குத் தெரிவதில்லை.

1992-ல், வேலூரை அடுத்த அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தவறிய கையோடு, ரூம் பையனாக இங்கே வந்து சேர்ந்தேன். அப்போதிருந்த மேனேஜர் குடியாத்தத்தில் ஒரு பீடி மண்டியில் கணக்கு எழுதிவிட்டு வந்த பெரியவர். முதல் நாள் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது படுக்கை விரிப்பதையோ தண்ணீர் பிடிப்பதையோ அல்ல. “வர்றவங்ககிட்ட இன்னா வியாதின்னு கேக்காத. எத்தினி நாளு தங்குவீங்கன்னும் கேக்காத, அது அவங்களுக்கே தெரியாது. சாப்டீங்களான்னு மட்டும் கேளு” என்றார். எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது. லாட்ஜில் சாப்பாடே கிடையாது, பிறகு எதற்கு அந்தக் கேள்வி என்று நினைத்தேன். ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் இறங்கி, புரியாத மொழியில் ஆட்டோ பேசி, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வருபவரிடம் கேட்பதற்கு வேறு கேள்வி இல்லை என்பது புரியச் சில மாதங்கள் ஆயின.

யோசித்துப் பார்த்தால், பெயர் எழுதிவைக்கப்படாத மூன்று பெண்கள்தான் எனக்கு இன்றுவரை சோறு போடுகிறார்கள். 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க வரும்படி ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படிக்காத இளம்பெண். மருத்துவரான அவருடைய தந்தை வர முன்வந்தபோது, ஆண் கை படக்கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. 1902-ல் 40 படுக்கைகள்; 1971-ல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை; 1986-ல் அங்கே முதல் எலும்பு மஜ்ஜை மாற்று. அந்த மூன்று பெண்களின் பெயரைக் குறித்துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐடா ஸ்கடர் அவர்களைச் சந்திக்கவே இல்லை என்பதையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள். அதற்கடுத்து ஜார்க்கண்ட், பீகார், அஸ்ஸாம், திரிபுரா. எல்லைக்கு அப்பால் வங்கதேசம். வங்கதேசத்தார் வெளிநாட்டவர் என்பதால், அவர்கள் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் படிவத்தில் பதிந்து அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்; அதனால் அவர்களோடு கூடுதலாக அரை மணி நேரம் உட்கார நேரும். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் எனக்கு வங்காளி வந்தது. தண்ணீரை மேற்கு வங்கத்துக்காரர் பெரும்பாலும் ‘ஜொல்’ என்பார், டாக்காவிலிருந்து வருபவர் ‘பானி’ என்பார். இந்த வேறுபாடு தெரிந்த நாளில் ஏதோ பரீட்சை தேறியதுபோல் இருந்தது. என் வங்காளியில் ஒரு வாக்கியம் மால்டாக்காரருடையது, அடுத்தது ராஜ்ஷாஹிக்காரருடையது, உச்சரிப்பு முழுவதும் அணைக்கட்டு. கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள், மருத்துவமனையிலிருந்து திரும்பிய முகத்தில் அந்தச் சிரிப்பு வருவதைப் பார்ப்பதற்காகவே சில நாட்களில் வேண்டுமென்றே தப்பாகப் பேசியிருக்கிறேன்.

நாக்கு மட்டுமல்ல, சாப்பாடும் மாறிப்போனது. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் விளையும் வட்டாரத்தில் பிறந்தவன் நான். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த அந்தக் காயை, காரக்குழம்பாகவும் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் தொக்காகவும் மட்டுமே எங்கள் வீட்டில் அறிவோம். நேதாஜி மார்க்கெட்டில் அதை வாங்கி வந்த வங்காளி அம்மாள் ஒருவர், கட்டைவிரல் தடிமனுக்கு வட்டமாக வெட்டி, மஞ்சளும் உப்பும் தடவி, கடுகெண்ணெயில் போட்டு எடுத்துக் கொடுத்தார். அதற்குப் ‘பெகுன் பாஜா’ என்று பெயர். என் மனைவி இன்றும் செய்கிறாள், நல்லெண்ணெயில். எங்கள் பேத்தி அதை அணைக்கட்டுப் பலகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நானும் திருத்தவில்லை.

இதெல்லாம் சொல்லிக்கொள்ளத்தக்கவை. சொல்லக் கூசுகிற ஒன்றும் இருக்கிறது.

1998 கோடை. பெரியவர் ஓய்வு பெற்று, நான் மேனேஜர் மேசைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அப்போது பீகாரோடு இருந்த தன்பாத்திலிருந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்யும் ஒருவர் மனைவியோடு தங்கியிருந்தார். ஆறு நாள் வாடகை பாக்கி. மூன்று நாளைக்கு மேல் பாக்கி விழுந்தால் அறைக்கு மேல்பூட்டுப் போடுவது பல லாட்ஜ்களில் அன்று வழக்கம். எங்கள் முதலாளி ‘விசாரிச்சிட்டுப் போடு’ என்றுதான் சொல்லியிருந்தார். நான் விசாரிக்கவில்லை. மாலையில் அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அவருடைய பூட்டுக்கு மேல் எங்கள் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சத்துவாச்சாரியில் இருந்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று மாலையே அவர் மனைவியை அவசரப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். பழைய ஸ்கேன் ஃபிலிமைக் கேட்டதால் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு அவர் ஓடி வந்திருக்கிறார். வாட்ச்மேனிடம் சாவி இல்லை. என் வீடும் அவருக்குத் தெரியாது. அந்த மனிதர் மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், ஐந்து மணிக்கு மீண்டும் வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஆறரைக்கு நான் சைக்கிளை நிறுத்தும்போது எழுந்து நின்றார். சண்டை போடவில்லை. “பையா (அண்ணா), ஃபிலிம்” என்றார், அவ்வளவுதான். பூட்டைத் திறக்கும்போது என் கைதான் நடுங்கியது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய காகித உறையை உருவிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

அவர் திட்டியிருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது: பாக்கி, வழக்கம், முதலாளி, நான் சம்பளக்காரன். அந்தப் பதில்களை எல்லாம் வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்கும்படி ஆகிவிட்டது. இரண்டு நாள் கழித்து, ஊரிலிருந்து பணம் வந்ததும், முழு வாடகையையும் எண்ணி மேசையில் வைத்து ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார். மனைவி அந்த இரவைத் தாண்டிவிட்டார் என்பது வரை தெரியும். அதன் பிறகு காலி செய்த தேதிதான் இருக்கிறது.

அந்தப் பூட்டு இன்றும் என் மேசை இழுப்பறையில், சாவியோடு கிடக்கிறது. அதற்குப் பிறகு எந்த அறைக்கும் நான் மேல்பூட்டுப் போட்டதில்லை. ஏழெட்டுப் பேர் வாடகை கொடுக்காமல் போயிருக்கிறார்கள், முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பாக்கி வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்ற எத்தனையோ பேரை ‘பார்த்துக்கலாம், போய்ட்டு வாங்க’ என்று மருத்துவமனைக்கு அனுப்பியபோது, நல்ல மேனேஜர் என்று அவர்கள் என்னைத்தான் வாழ்த்தினார்கள். அந்த நன்றி உண்மையில் தன்பாத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. அவர்களுக்கு அவரைத் தெரியாது; அவருக்கும் இவர்களைத் தெரியாது. நடுவில் அஞ்சல்காரனைப்போல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் குக்கரைத்தான் காட்டுவேன். இங்கே தங்குபவர்கள் வாரக்கணக்கில், மாற்று அறுவைக் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருப்பதால், அறையிலேயே சமைத்துக்கொள்வார்கள். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். 2009-ல் அகர்தலாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் சொந்தமாக வாங்கிய ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கரை, ஊருக்குக் கிளம்பும்போது “அடுத்து வர்றவங்களுக்குக் கொடுங்க” என்று மேசை மேல் வைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து அது அறை அறையாகப் போய்வருகிறது. கைப்பிடியின் திருகு கழன்று தொலைந்தபோது ஒருவர் செம்புக் கம்பியைச் சுற்றினார். அடுத்தவர் கைப்பிடியையே மாற்றினார். கேஸ்கட்டை எத்தனை பேர் மாற்றினார்கள் என்று கணக்கில்லை. வெயிட் காணாமல் போய், யாரோ வேறொரு கம்பெனி வெயிட்டை வாங்கிவந்து பொருத்தியதால், விசில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே வரும். அடிப்பாகத்தைத் திருப்பினால், கரி படிந்த வட்டத்தில், ஆணியால் கீறிய ஊர்ப் பெயர்கள்: வங்காளியில் மால்டா, இந்தியில் கிஷன்கஞ்ச், கோணல்மாணலாக சில்சர். தமிழில் ‘3ஆம் மாடி’ என்று எழுதியது எங்கள் ரூம் பையன். அகர்தலாக் குடும்பத்தின் குக்கரில் இப்போது அவர்களுடையதாக எஞ்சியிருப்பது அந்த உடம்பு மட்டும்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ரயில்கள் நின்றபோது எங்கள் லாட்ஜில் 11 அறைகளில் ஆள் இருந்தார்கள். கையில் பணம் கரைந்துகொண்டிருந்தது. ஊருக்குப் போக வழியில்லை. தனித்தனியாகச் சமைத்தால் கேஸ் கட்டாது என்று, மொட்டை மாடியில் ஒரே இடத்தில் அரிசியும் பருப்பும் கலந்து ‘கிச்சுரி’ வைக்கத் தொடங்கினார்கள். ஜவ்வாது மலையிலுள்ள வீட்டுக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட எங்கள் ரூம் பையனும் நானும் அந்தப் பந்தியில்தான் சாப்பிட்டோம். தட்டை நீட்டியபோது ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, “தாதா (அண்ணா), சாப்பிட்டீங்களா?” என்று தமிழிலேயே கேட்டார். பெரியவர் 1992-ல் எனக்குக் கொடுத்த கேள்வி. என்னிடமிருந்துதான் அந்த அம்மாள் கற்றிருக்க வேண்டும். மே முதல் வாரத்தில் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் புறப்பட்டது; பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பி, மாடி காலியானது.

இனி அந்தப் பலகையைப் பற்றி. 2011-ல் லாட்ஜுக்கு வெள்ளையடித்தபோது, வாசலின் உட்பக்கம், படியிறங்குபவர் கண்ணில் படும்படி, ‘நன்றி, மீண்டும் வருக’ என்று தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் எழுதிவைத்தோம். எல்லா ஓட்டல்களிலும் இருப்பதுதான், யாரும் யோசிக்கவில்லை. சில வாரங்களில் பர்தமானிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மனைவியின் சிகிச்சை முடிந்து பெட்டியோடு இறங்கியவர், அதன் முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு வாழ்த்துச் சொல்லலாமா, தம்பி?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிறவரிடம் ‘வாங்க’ என்று சொல்லக்கூடாது என்று என் அம்மா அடித்துச் சொல்லி வளர்த்தவன் நான். அன்று மாலையே பெயின்ட் வாங்கி வந்து அந்த இரண்டு சொற்களையும் மூன்று மொழிகளிலும் அழித்தேன். பெயின்டின் நிறம் ஒட்டவில்லை. ‘நன்றி’க்குப் பக்கத்தில் ஒரு வெளிர்ந்த திட்டு இன்றும் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், ஆட்டோவில் ஏறும்போது அந்த ஆசிரியர் கை கூப்பி “ஆஷி” என்றார். வங்காளியில் அதற்கு ‘வருகிறேன்’ என்று பொருள். நம்மைப்போலவே அவர்களும் ‘போகிறேன்’ என்று சொல்லிப் புறப்படுவதில்லை. வரச் சொல்லாதே என்றவரே வருகிறேன் என்கிறார், நான் என்ன பதில் சொல்வது என்று விழித்தேன். அவரும் புரிந்துகொண்டு சிரித்தார். “துக்கா துக்கா என்று சொல், போதும்” என்றார். பயணம் புறப்படுபவரைத் துர்க்கை காக்கட்டும் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வார்த்தை. அன்றிலிருந்து வங்காளி இந்துக் குடும்பங்கள் படியிறங்கும்போது நான் சொல்வது அதுதான். வங்கதேசத்து முஸ்லிம் குடும்பங்கள் என்றால் ‘குதா ஹாஃபிஸ்’.

போன வாரம் சில்சரிலிருந்து வந்திருந்த இளம் தம்பதி காலையில் காலி செய்தார்கள். “ஆஷி, தாதா” என்றாள் அந்தப் பெண். “துக்கா துக்கா” என்றேன். குக்கரை நன்றாகத் தேய்த்துக் கழுவி மேசை மேல் வைத்திருந்தார்கள். உள்ளே புது கேஸ்கட் ஒன்று, பிரிக்காத உறையோடு இருந்தது. மத்தியானம் ராஞ்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். ரூம் பையன் என்னைக் கேட்காமலேயே குக்கரைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் மாடி ஏறினான். நான் பதிவேட்டைத் திறந்து, பெயரையும் ஊரையும் எழுதி, காரணம் என்ற கட்டத்தில் இரண்டு கோடு போட்டேன்.