சாங்கியில் ஏறி இறங்கும் செம்புத் துளிகள்

சிங்கப்பூரில் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடியவற்றில் என் முதல் ஓட்டு சாங்கி விமான நிலையம் முனையம் 1இல் தொங்கும் ‘கைனடிக் ரெயின்’ (அசையும் மழை) சிற்பத்துக்குத்தான். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் பலர் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை.

புறப்பாட்டுக் கூடத்தில், எஸ்கலேட்டர்களுக்கு மேலே, இரண்டு தொகுதிகளாக மொத்தம் 1,216 துளிகள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. ஒவ்வொரு துளியும் மெல்லிய எஃகுக் கம்பியில் தொங்க, கூரைக்குள் ஒளிந்திருக்கும் மோட்டார் அதை ஏற்றி இறக்குகிறது. எது எப்போது எவ்வளவு இறங்க வேண்டும் என்று கணினி சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெர்லினைச் சேர்ந்த ஆர்ட் காம் குழுவினர் 2012இல் அமைத்தது.

பார்க்க ஆரம்பித்தால் சும்மா சிதறிக் கிடப்பது போல இருக்கும். அப்புறம் ஓர் ஓரத்தில் நாலைந்து துளிகள் நழுவும், பக்கத்தில் உள்ளவை பின்தொடரும், சட்டென்று ஒரு விமானம் தெரியும். அது விமானம்தானா என்று உறுதி செய்வதற்குள் கலைந்து அலையாகிவிடும். துளிகளோடு கூரையில் விழும் நிழல்களையும் கவனியுங்கள். எனக்கு அவைதான் கூடுதல் அழகு.

“மாமா, நாம கை ஆட்டினா அதுவும் ஆடுமா?” என்று கேட்டான் அக்கா மகன். கேள்வியில் நியாயம் இருக்கிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் ரயில் தடத்தில் பேஃபிரண்ட் போய், மரினா பே சாண்ட்ஸில் டீம்லேப் என்ற கலைக்குழுவின் ‘டிஜிட்டல் லைட் கேன்வாஸ்’ பார்த்துவிட்டு வந்திருந்தோம். அதற்கு டிக்கெட் உண்டு. கால் வைத்த இடத்தில் தரை வண்ணம் மாறும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தங்கள் காலையே பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சாங்கித் துளிகள் நம்மைக் கண்டுகொள்வதே இல்லை. அதனாலேயே, முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் நின்று “அதோ, பட்டம்!” என்று நமக்குக் காட்டுகிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஆடாது என்று சொன்ன பிறகும் அவன் கையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தான்.

முழுச் சுற்றும் 15 நிமிடம். எஸ்கலேட்டரில் போகிற போக்கில் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. “பெட்டியைப் போட்டுட்டு வந்து பாருடா, அது எங்கேயும் ஓடிடாது” என்றாள் அக்கா. நல்ல யோசனை. குடிநுழைவுக்குள் போவதற்கு முன்னால் பார்த்தால், வழியனுப்ப வந்தவர்களும் கூட நிற்கலாம்.