வெட்டரன்ஸ் மருத்துவ ஆராய்ச்சிக்குக் காசு குடுக்கறது பத்தி

நவம்பர் வந்தாலே எங்க வீட்டு மெயில் பாக்ஸ்ல லெட்டர் குவிய ஆரம்பிச்சுடும். 11ஆம் தேதி வெட்டரன்ஸ் டே, அப்பறம் தேங்க்ஸ்கிவிங், அது முடிஞ்ச கையோட வர்ற செவ்வாய்க்கிழமை கிவிங் ட்யூஸ்டே, அமெரிக்காவுல இருக்கற நான்-ப்ராஃபிட் எல்லாம் இந்த சமயத்துலதான் வரிசையா நம்மகிட்ட வரும். அதுல முன்னாள் ராணுவ வீரர்கள் பேர்ல வர்றதே ஒரு கத்தை இருக்கும். கொடி படம் போட்ட ஸ்டிக்கர், நம்ம பேர் அச்சடிச்ச அட்ரஸ் லேபிள் எல்லாம் சேர்த்து வெச்சு அனுப்புவாங்க. நான் வருஷா வருஷம் காசு அனுப்பற இடத்துலேருந்து அப்படி ஒரு கவர் கூட இதுவரைக்கும் வந்ததில்ல. அதனாலதான் இதை எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா அவங்க பேரே நிறைய பேருக்குத் தெரியாது, நாமளா தேடிப் போனாதான் உண்டு.

நான் சொல்றது வி.ஏ. ஆஸ்பத்திரிகளோட ஒட்டி இருக்கற ஆராய்ச்சி பவுண்டேஷன்களை. வி.ஏ.ன்னா டிபார்ட்மென்ட் ஆஃப் வெட்டரன்ஸ் அஃபேர்ஸ், முன்னாள் ராணுவத்தினருக்கு வைத்தியம், பென்ஷன் எல்லாம் பாக்கற அரசாங்கத் துறை. 1988ல காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு சட்டம் போட்டு, வி.ஏ. மெடிக்கல் சென்டர்கள் தங்களோட ஆராய்ச்சிக்காக தனியா ஒரு நான்-ப்ராஃபிட் அமைச்சுக்கலாம்னு அனுமதி குடுத்தாங்க. இன்னிக்கு நாடு முழுக்க சுமார் 80 இருக்கு. சான் டியேகோல வெட்டரன்ஸ் மெடிக்கல் ரிசர்ச் பவுண்டேஷன், பாலோ ஆல்ட்டோல பாலோ ஆல்ட்டோ வெட்டரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஃபார் ரிசர்ச், சான் பிரான்சிஸ்கோல ஒண்ணு, இப்படி பல ஊர்ல. இவங்க எல்லாருக்கும் சேர்த்து நாவ்ரெஃப்னு ஒரு சங்கமும் இருக்கு.

அரசாங்கமே பணம் குடுக்குதே, அப்பறம் எதுக்கு தனியா ஒரு பவுண்டேஷன்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். வி.ஏ. ஆராய்ச்சிக்கு காங்கிரஸ் ஒதுக்கற தொகை வருஷத்துக்கு சுமார் 90 கோடி டாலர், அது சின்னப் பணம் இல்ல. ஆனா அரசாங்கப் பணத்துக்கு நிதியாண்டுக் கணக்கு உண்டு, இதுக்குத்தான் செலவு பண்ணலாம், இந்த தேதிக்குள்ள பண்ணணும்னு ஆயிரம் விதி உண்டு, பட்ஜெட் பாஸ் ஆகலனா புது வேலைங்க மாசக்கணக்குல அப்படியே நிக்கும். மருந்து கம்பெனி ட்ரயலுக்குக் குடுக்கற பணம், என்.ஐ.எச்.ங்கற அரசாங்க மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு குடுக்கற கிரான்ட், ஒரு குடும்பம் அப்பா நினைவா குடுக்கற ஐநூறு டாலர், இதெல்லாம் வந்து சேர்றதுக்கு ஒரு இடம் வேணும்ல. அந்த இடம்தான் பவுண்டேஷன். ஆள் எடுக்கறது, சம்பளம் போடறது, ஃப்ரீசர் வாங்கறது, ஒப்பந்தம் போடறதுன்னு எல்லாம் இவங்க பாத்துக்குவாங்க. வி.ஏ. அனுமதிச்ச ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் மட்டும்தான் செலவு பண்ண முடியும். போர்டுல ஆஸ்பத்திரி டைரக்டர் இருப்பாரு, அரசாங்க ஊழியரா இல்லாத வெளி ஆளுங்க ரெண்டு பேராவது இருந்தே ஆகணும்னு சட்டத்துலயே இருக்கு.

எங்க தெருவுல வியட்நாம் போருக்குப் போய் வந்த ஒருத்தர் இருக்கார், பசங்க எல்லாரும் அவரை கிராண்ட்பான்னுதான் கூப்பிடுவாங்க. அவருக்கு பார்கின்சன்ஸ், கை நடுங்கி உடம்பு விறைச்சுப் போற நரம்பு வியாதி. காட்டை அழிக்க அமெரிக்க ராணுவம் அடிச்ச ஏஜென்ட் ஆரஞ்சுங்கற களைக்கொல்லியைத் தெளிச்ச இடத்துல வேலை பாத்தவங்களுக்கு வர்ற பார்கின்சன்ஸை ராணுவ சேவையால வந்ததுன்னே எடுத்துக்கணும்னு வி.ஏ. ஒத்துக்கிட்டது 2010லதான், போர் முடிஞ்சு முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு. சட்டை பட்டன் போட அவர் ஒரு கைப்பிடி வெச்ச கம்பி வளையம் வெச்சிருக்கார், அதை பட்டன் ஓட்டைக்குள்ள விட்டு பட்டனைப் பிடிச்சு இழுக்கணும். நாலு பட்டன் போட்டு முடிக்கறதுக்குள்ள நெத்தி வேர்த்துடும். உதவிக்குப் போனா வேண்டாம்னு தலையாட்டிட்டு அவரேதான் முடிப்பார்.

அவர் வி.ஏ.ல ஒரு நடை சம்பந்தமான ஆராய்ச்சிக்குப் போறார். போற அன்னிக்கு காலைல மாத்திரை போடக் கூடாது, அதை அவங்க "ஆஃப்"ல வர்றதுன்னு சொல்லுவாங்க. மருந்து இல்லாத நிலைல எப்படி நடக்கறார்னு பாத்துட்டு, அப்பறம் மாத்திரை குடுத்து "ஆன்" ஆனதும் மறுபடி நடக்க விடுவாங்க. மாத்திரை இல்லாத அந்தக் காலை நேரம் அவருக்கு எவ்வளவு கொடுமைன்னு அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும், கார்ல ஏறி உக்கார்றதே பெரிய வேலை. முந்தின நாள் ராத்திரி ஒரு பொண்ணு போன் பண்ணும், ஸ்டடி கோஆர்டினேட்டர், எத்தனை மணிக்கு கடைசி மாத்திரை, யார் வண்டி ஓட்றாங்க, வாசல்ல வீல்சேர் வேணுமான்னு எல்லாம் பொறுமையா கேக்கும். அந்தப் பொண்ணு கழுத்துல வி.ஏ. பேட்ஜ்தான் தொங்குது, ஆனா சம்பளம் பவுண்டேஷன் குடுக்குது. வி.ஏ. கணக்குல அந்தப் பொண்ணு ஊதியம் இல்லாத நியமனம், அங்க எல்லாரும் டபிள்யூ.ஓ.சி.ன்னு சொல்லுவாங்க. நம்ம காசு எங்க போகுதுன்னு யாராவது கேட்டா நான் அந்த போன் காலைத்தான் சொல்லுவேன். அந்த போன் வரலனா அவர் அடுத்த தடவை போகமாட்டார், அவரை மாதிரி பத்து பேர் நின்னுட்டா அந்த ஆராய்ச்சியே படுத்துடும்.

நம்மாளுங்க சில பேர் என்கிட்ட நேராவே கேட்ருக்காங்க, ஊர்ல எவ்வளவோ கஷ்டம் இருக்கறப்ப இந்த ஊர் பட்டாளத்துக்காரங்களுக்கு நாம ஏன் குடுக்கணும்னு. ஊருக்கும் குடுங்க, நானும் குடுக்கறேன். ஆனா உங்க வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்க. பிபி மாத்திரை இல்லாத தமிழ் வீடு எத்தனை இருக்கு? 1960கள்ல ரத்த அழுத்தத்தைக் குறைச்சா நல்லதா கெட்டதான்னே டாக்டர்களுக்குள்ள சண்டை ஓடிட்டு இருந்துச்சு, வயசானா ஏறத்தான் செய்யும், குறைச்சா மூளைக்கு ரத்தம் போகாதுன்னு நினைச்சவங்க எல்லாம் உண்டு. வாஷிங்டன் வி.ஏ.ல இருந்த எட்வர்ட் ஃப்ரீஸ்ங்கற டாக்டர் பல வி.ஏ. ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து ஒரு ட்ரயல் நடத்தினார். கீழ் அளவு 115லேருந்து 129 வரைக்கும் இருந்த 143 ஆம்பளைங்க, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 1967ல முடிவு வந்தப்ப வித்தியாசம் சந்தேகத்துக்கே இடமில்லாம இருந்துச்சு, செத்தவங்க எல்லாம் மருந்து சாப்பிடாத பக்கம்தான், பக்கவாதமும் அங்கதான் அதிகம். 1970ல அதைவிடக் குறைஞ்ச அளவு பிபி இருந்தவங்களுக்கும் மருந்து பலன் தருதுன்னு காமிச்சாங்க. எங்க அப்பா சாப்பிடற மாத்திரைக்குப் பின்னாடி அந்த 143 பேர் இருக்காங்க. ஏற்கனவே நாட்டுக்குன்னு ஒரு தடவை உடம்பைக் குடுத்தவங்க, ரெண்டாவது தடவை ஆராய்ச்சிக்கும் குடுத்திருக்காங்க. அந்த நன்றிக்கு பாஸ்போர்ட் பாக்கணுமா என்ன?

சுகர் கதை இன்னும் பெருசு. நியூயார்க்ல பிராங்க்ஸ் வி.ஏ. ஆஸ்பத்திரில ரோஸலின் யாலோவும் சாலமன் பெர்சனும் சேர்ந்து, ரத்தத்துல துளியூண்டு இருக்கற இன்சுலினைக் கூட அளக்கற ஒரு முறையைக் கண்டுபிடிச்சாங்க, ரேடியோ இம்யூனோ அஸே. ஹார்மோனையெல்லாம் ரத்தத்துல துல்லியமா அளக்கலாம்ங்கற வழியையே தொறந்துவிட்டது அதுதான். 1977ல யாலோவுக்கு நோபல் கிடைச்சுது, பெர்சன் 1972லயே இறந்துட்டார். அதே ஆஸ்பத்திரில பின்னாடி ஜான் எங் அப்படிங்கற டாக்டர், கிலா மான்ஸ்டர்னு அமெரிக்கப் பாலைவனத்துல இருக்கற ஒரு விஷப் பல்லியோட விஷத்துல புது ஹார்மோன் ஏதாவது இருக்கான்னு தேடினார். நம்ம குடல்ல ஜி.எல்.பி.-1னு ஒரு ஹார்மோன் சுரக்குது, சாப்பிட்டதும் இன்சுலினைத் தூண்டிவிடும், ஆனா ரத்தத்துல ரெண்டு நிமிஷத்துலயே பாதி அழிஞ்சுடும். பல்லி விஷத்துல கிடைச்ச எக்ஸென்டின்-4 அதே வேலையைச் செஞ்சுது, அதோட மணிக்கணக்குல நின்னுச்சு. வி.ஏ. பேட்டன்ட் எடுக்க முன்வரல, அவரே எடுத்தார், அப்பறம் ஒரு கம்பெனியைப் பிடிச்சார், 2005ல பையெட்டாங்கற பேர்ல மருந்து வந்துச்சு. இன்னிக்கு எல்லார் வாய்லயும் அடிபடற சுகர் மருந்து ஓசெம்பிக்ல இருக்கறது வேற மூலக்கூறு, ஆனா ஜி.எல்.பி.-1 மாதிரி வேலை செய்யற அந்த வகையில முதல்ல அனுமதி வாங்கின மருந்து பையெட்டாதான்.

இதை இவ்வளவு நீளமா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பல்லி விஷத்துல தேடப் போறேன்னு ஒருத்தர் ஆரம்பத்துல வந்து நின்னா எவன் பெரிய பணம் குடுப்பான்? பெரிய கிரான்ட் கேக்கறதுக்கு முன்னாடியே கைல கொஞ்சம் டேட்டா இருக்கணும், அந்த டேட்டாவை எடுக்கறதுக்கே பணம் வேணும், இதுதான் இளம் ஆராய்ச்சியாளர்கள் மாட்டிக்கற இடம். பைலட் ஸ்டடின்னு சொல்ற அந்த சின்னச் செலவுக்கு, இருபது நோயாளிங்க, ஒரு அரைநேர ஆள், கொஞ்சம் லேப் செலவு, இதுக்குத்தான் பவுண்டேஷன் கைல இருக்கற தனியார் டொனேஷன் உசுரு மாதிரி. பில்லியன் கணக்குல பணம் புரள்ற இடத்துல என் இருநூறு டாலர் என்ன பண்ணிடும்னு நினைக்காதீங்க, இந்த இடத்துல அது பண்ணும்.

அப்பறம் ராணுவத்துக்குப் போனவங்களுக்கு மட்டுமே, இல்லனா அவங்களுக்கு அதிகமா வர்ற வியாதிங்க இருக்கு. 1990-91 வளைகுடாப் போருக்கு கிட்டத்தட்ட 7 லட்சம் அமெரிக்க வீரர்கள் போனாங்க, அதுல நாலுல ஒருத்தர்லேருந்து மூணுல ஒருத்தர் வரைக்கும் தீராத அசதி, மூட்டு வலி, மறதி, வயித்துக் கோளாறுன்னு திரும்பி வந்தாங்க. ரொம்ப வருஷம் இவங்களுக்குக் கிடைச்ச பதில் மனஅழுத்தம்ங்கறதுதான். காங்கிரஸ் கேட்டு அமைச்ச குழு 2008லதான், இது நிஜமான வியாதி, நரம்பு வாயுத் தாக்குதல் வந்தா காப்பாத்தும்னு குடுத்த மாத்திரையும் அங்க அடிச்ச பூச்சி மருந்தும்தான் காரணமா தெரியுதுன்னு அறிக்கை குடுத்துச்சு. ஈராக், ஆப்கானிஸ்தான்ல குப்பையைத் திறந்தவெளில எரிச்ச புகையை சுவாசிச்சவங்களுக்கு 2022ல பேக்ட் சட்டம் வந்தப்பறம்தான் வைத்தியத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் பெருசா வழி பொறந்துச்சு. ஏ.எல்.எஸ்.னு தசையை இயக்கற நரம்புகள் செத்துப் போற ஒரு வியாதி, அது வர்ற வாய்ப்பு ராணுவத்துக்குப் போனவங்களுக்கு மத்தவங்களைவிட அதிகம்னு ஆய்வுகள் சொல்லுது. ஏன்னு இன்னும் தெரியல. இதுக்கெல்லாம் பெரிய மார்க்கெட் கிடையாது, கம்பெனிகள் தானா வராது. எனக்குப் போர் மேல எந்த மரியாதையும் இல்ல, ஆனா போர் வேணும்னு முடிவு பண்ணினவங்க வேற, அந்தப் புகையை சுவாசிச்சவங்க வேற.

சரி, குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, முதல்ல பேரை நல்லா பாருங்க. வெட்டரன்ஸ்ங்கற வார்த்தை வர்ற அமைப்புங்க பேரெல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும், ஏமாத்தறவங்களுக்கு அதுதான் வசதி. 2018 ஜூலைல மோசடியிலேருந்து மக்களைக் காப்பாத்தற எஃப்.டி.சி.ங்கற மத்திய அமைப்பும் மாநில அதிகாரிகளும் சேர்ந்து, வெட்டரன்ஸ் பேரைச் சொல்லி மக்கள்கிட்ட பணம் பறிச்சவங்க மேல நூத்துக்கும் மேல நடவடிக்கை எடுத்ததா அறிவிச்சாங்க. போன்ல அவசரப்படுத்தினா வெச்சுடுங்க, கிஃப்ட் கார்டு கேட்டா சந்தேகமே வேண்டாம், திருட்டுதான். வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸோட சைட்ல அமைப்போட பேரையோ அதோட வரி நம்பரான ஈ.ஐ.என்.னையோ போட்டா 501சி3ங்கற வரிவிலக்கு அந்தஸ்து இருக்கான்னு தெரிஞ்சுடும், அவங்க வருஷக் கணக்கு காட்டற ஃபார்ம் 990ம் அங்கயே கிடைக்கும். அதுல செலவுப் பக்கத்தைப் பாருங்க, ஆராய்ச்சிக்கு எவ்வளவு, நிதி திரட்டற செலவு எவ்வளவுன்னு தனித்தனியா இருக்கும். நிதி திரட்டற செலவு பெருசா இருந்தா எனக்கு உதைக்கும். ஆனா நிர்வாகச் செலவே இருக்கக் கூடாதுன்னு நம்மாளுங்க பேசறதை நான் ஒத்துக்கமாட்டேன். சம்பளக் கணக்கு பாக்கறவர் இல்லனா அந்த கோஆர்டினேட்டர் பொண்ணுக்கு மாசச் சம்பளம் யார் போடுவா?

உங்க ஊர் வி.ஏ. ஆஸ்பத்திரிக்கு பவுண்டேஷன் இருக்கான்னு தெரியலனா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ரிசர்ச் ஆபீஸைக் கேளுங்க, சொல்லுவாங்க. பணம் குடுக்க முடியாதவங்க, ஆராய்ச்சில ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு வியாதி இல்லாத ஆளுங்க தேவையான்னு கேட்டுப் பாருங்க, சில ஸ்டடில ராணுவத்துக்கே போகாதவங்களையும் சேத்துக்குவாங்க. தமிழ்ச் சங்கம் நடத்தறவங்க யாராவது இதைப் படிச்சா, வருஷத்துல ஒரு நடைப் போட்டி வசூலை இதுக்கு ஒதுக்கலாமான்னு கமிட்டில பேசிப் பாருங்க.

கம்பெனில வேலை பாக்கறவங்க மேட்சிங் இருக்கான்னு ஹெச்.ஆர்.ல கேளுங்க, நீங்க போடற அளவு அவங்களும் போட்டா தொகை டபுள் ஆகிடும், டிசம்பர் 31க்குள்ள போட்டாதான் அந்த வருஷ டாக்ஸ் கணக்குல வரும். செக்கா அனுப்பினா மெமோல பார்கின்சன்ஸ், சுகர், ஏ.எல்.எஸ்.னு எதுக்குன்னு எழுதலாம். நான் எதுவும் எழுதறதில்ல. எந்த பைலட் ஸ்டடி காசில்லாம நிக்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும், அதுக்குப் போகட்டும்.