டோட்டல் லாஸ் ஆன கார் மறுபடியும் விற்பனைக்கு வரும்போது

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ரெயின்போ நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் நின்ற கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படி மூழ்கி, டோட்டல் லாஸ், அதாவது முழு இழப்பு என்று காப்பீட்டு நிறுவனத்தால் கணக்கு முடிக்கப்படும் கார்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுவதில்லை. கடலூரிலோ புதுச்சேரியிலோ பழைய கார் தேடும் எவரும் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

டோட்டல் லாஸ் என்பது பெரும்பாலும் கணக்குதான். சரிசெய்யும் செலவு ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், பழுதுபார்ப்பதை விட்டுவிட்டு முழுத் தொகையையும் கொடுத்துவிடுவது நடைமுறை. கார் தயாரிப்பு நிறுவனத்தின் விலைப்பட்டியலில் 8 லட்சம் ரூபாயாக உள்ள கார் மூன்று வயதைக் கடந்து நான்கை எட்டாமல் இருந்தால், 40 சதவீதத் தேய்மானம் போக அதன் ஐடிவி 4.80 லட்சம், செலவு 3.60 லட்சத்தைத் தாண்டினாலே அது டோட்டல் லாஸ் ஆகிவிடும். வண்டிக்கு வயது கூடக்கூட இந்த எல்லை இறங்கிக்கொண்டே வருவதால், புதிய காரில் சாதாரணப் பழுதாகக் கருதப்படும் அதே சேதம் பழைய காரைக் கணக்கில் இல்லாமல் செய்துவிடும்.

கம்பெனி சர்வீஸ் சென்டர் புதிய பாகங்களின் விலையை வைத்து மதிப்பீடு தருகிறது. வெளிப் பட்டறையோ வேறு வண்டியிலிருந்து கழற்றிய பாகங்களைப் போட்டு அதில் பாதிக்கும் குறைவான செலவில் வேலையை முடித்துவிடலாம். இந்த இடைவெளியில்தான் மறுகட்டுமான வியாபாரம் வாழ்கிறது. அதை நான் குற்றமாகக் கருதவில்லை, ஏனெனில் நன்றாகச் சரிசெய்த வண்டி பல ஆண்டுகள் ஓடும். வரலாற்றை மறைத்து, சேதமே காணாத வண்டியின் விலைக்கு அதை விற்பதுதான் அநியாயம். நம் நாட்டு ஆர்சி எனப்படும் பதிவுச் சான்றிதழில் டோட்டல் லாஸ் என்ற குறிப்பு ஏதும் ஏறுவதில்லை என்பது இதற்கு மிகவும் வசதியாகிவிடுகிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர், விற்பனைக்கு வந்த காரின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினார். மேல் பாதி புதிது போலிருக்க, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் செம்மண் நிறக் கோடு ஒன்று நேராக ஓடியது. "மேட்டை மாத்துவாங்கண்ணே, சீட்டைக் கழுவுவாங்க, இதை யாரும் பார்க்க மாட்டாங்க" என்றார். சீட்டைத் தாங்கும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி குழியின் மூலையில் காய்ந்த வண்டல், பானெட் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்டு உரிந்த பெயின்ட் ஆகியவையும் பார்க்க வேண்டியவை. இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

வாங்கிய பிறகு வரும் சிக்கல் காப்பீட்டில் இருக்கிறது. பாலிசி புதுப்பிக்கும்போது மாடலையும் ஆண்டையும் வைத்தே ஐடிவி போடப்படுவதால், நீங்கள் முழு மதிப்புக்கும் பிரீமியம் கட்டுவீர்கள். விபத்து நேர்ந்து, சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்து பழைய வெல்டிங்கைக் கண்டால், அது முன்பே இருந்த சேதம் என்று கழித்துவிட வாய்ப்புண்டு. ஆகவே விற்பவரிடம் பழைய பாலிசி நகலையும் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் பேரத்தைத் தொடர வேண்டாம். டோட்டல் லாஸ் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கப்படும் வண்டிக்குச் சந்தை விலையில் நான்கில் ஒரு பங்காவது குறைத்துக் கேட்பது நியாயம் என்பது என் கருத்து. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியென்றால் ஒயரிங் கோளாறு பல மாதம் கழித்தும் தலைகாட்டும் என்பதால் இன்னும் குறைக்கலாம்.

சேதமான வண்டியைக் கைவிட்டவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. வண்டி இனி ஓடவே தகுதியற்றது என்றால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவின்படி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். அப்படிச் செய்யாமல் ஆர்சியையும் சேர்த்துக் கொடுத்தால், திருட்டு வண்டிக்கு அந்தச் சேசிஸ் நம்பர் போய்ச் சேரக்கூடும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. புயலில் காரை இழந்து, பணத்தைப் பெற்றுக்கொண்டு, வண்டியை யாரோ இழுத்துச் செல்ல விட்டவர்கள், அது இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.