குளிரில் மட்டும் ஆடும் ஐடில்

கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் குடியேறிய புதிதில் எங்களில் பலர் வாங்கும் முதல் கார் பழசாகத்தான் இருக்கும். என்னுடையது 2003ஆம் ஆண்டு ஜப்பானியக் கார். கோடை முழுக்க ஒரு குறையும் வைக்கவில்லை. குளிர் பூச்சியத்துக்குக் கீழே போனதும் ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடில், அதாவது அக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், நிலைக்காது. ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள் 600க்கும் 1300க்கும் இடையில் ஏறி இறங்கும். எக்லின்டன் வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்றால் ஸ்டியரிங் நடுங்கும். ஓடிச் சூடானதும் 700இல் நல்ல பிள்ளையாக நிற்கும்.

குளிரில் எந்த எஞ்சினும் முதலில் வேகமாகத்தான் சுற்றும். 1200, 1500 என்று போய், சூடேறச் சூடேற இறங்கினால் அது இயல்பு. நிலைகொள்ளாமல் அலைவதுதான் கோளாறு.

யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு பெற்றோல் தடை இருந்த காலத்தில், பழைய ஒஸ்டின் கார்களைக் கொஞ்சப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஐடில் சரியில்லை என்றால் காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டரின் திருகாணியைக் கொஞ்சம் திருப்பி, சத்தத்தைக் கேட்டே பிடித்துவிடுவார்கள். அந்த நினைப்போடு இங்கே பொனற்றைத் திறந்தால் திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே போகும் காற்றை சென்சார் அளக்கிறது. கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெற்றோலை விடுகிறது. அளக்கப்படாத காற்று வேறு வழியால் நுழைந்தால் அதன் கணக்குப் பிழைத்துப்போகும்.

எஞ்சின் விளக்கும் எரிந்தது. முதலில் போன கராஜில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி0171 என்ற கோட் வந்தது. உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றவேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். அந்தக் கோட் சொல்வது, காற்றின் அளவுக்குப் பெற்றோல் போதவில்லை என்பதை மட்டும்தான். எஞ்சின் விடும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து அதைச் சொல்வதே ஆக்சிஜன் சென்சார்தான். செய்தி கொண்டுவந்தவனையே மாற்றச் சொன்னால் எப்படி?

அப்புறம் வேலையிடத்து நண்பர் ஒருவர் எங்களூர் மெக்கானிக் ஒருவரிடம் அனுப்பினார். அவர் அந்தக் கோட் எண்ணைப் பார்த்ததோடு நிறுத்தவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஃபியூவல் ட்ரிம் என்ற கணக்கைப் பார்த்தார். கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எத்தனை வீதம் பெற்றோலைக் கூட்டுகிறது என்று அது காட்டும். ஐடிலில் 20 வீதத்துக்கு மேல் இருந்தது, 2500 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய சரியாகிவிட்டது. காற்று எங்கேயோ கசிகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஐடிலில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம். அதில் சின்னக் கசிவும் பெரிய பங்கு. வேகம் கூடினால் அது கணக்கிலேயே வராது. மாறாக, வேகம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறியிருந்தால் பெற்றோல் பம்ப், ஃபில்டர் பக்கம் தேடியிருப்பார்.

“தம்பி, இரவைக்குக் காரை இஞ்சையே விட்டிட்டுப் போங்கோ. சூடாக்கிக் கொண்டுவந்தால் கள்ளன் ஒளிச்சிடுவான்” என்றார்.

மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினுக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையை விட்டார். எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்ட் எஞ்சினோடு சேரும் இடத்தில் புகை கசிந்தது. அங்கே இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் வயதாகி இறுகிப்போயிருந்தது. குளிரில் சுருங்கி இடைவெளி விடும். சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். கோடையில் ஏன் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. சிலர் கிளீனர் ஸ்பிரே அடித்துக் கசிவைத் தேடுவார்கள். சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், வீட்டில் முயல வேண்டாம்.

கேஸ்கட்டின் விலை சென்சாருக்குக் கிட்டவும் வராது, கூலிதான் செலவு. ஒன்ராறியோவில் மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்கலாம், கடைசி பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேஸ்கட்டை மாற்றும் வேலைக்காக பற்றரியைக் கழற்றியதால், முதல் நாள் ஐடில் கொஞ்சம் தடுமாறும், கம்ப்யூட்டர் மறுபடி பழகவேண்டும் என்று சொல்லியே அனுப்பினார். அப்படித்தான் நடந்தது. அடுத்த நாள் வெளியே மைனஸ் 15. முள் 1400க்கு ஏறி, அலையாமல் இறங்கியது.