பீப்பாய் வாசனைக்குக் கீழே: முதிர்ந்த டெக்கீலாவும் என் சுவைத் தேர்வும்

வகுப்பில் வைத்த மாதிரித் தேர்வு அது. என் முன்னால் இருந்த இரண்டாவது கிளாஸில் நல்ல அம்பர் நிறம். முகர்ந்தேன். வெனிலா, கேரமல், தேங்காய், கொஞ்சம் கிராம்பு. சந்தேகமே வரவில்லை. “பர்பன் விஸ்கி, மிக நல்ல தரம்” என்று எழுதிவிட்டு, பத்து நிமிடம் மிச்சம் இருக்கும்போதே பேனாவை மூடி வைத்தேன். தாள் திரும்பி வந்தபோது ஆசிரியை ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “அகாவே எங்கே போனது?”

அது எக்ஸ்ட்ரா அன்யெஹோ டெக்கீலா. அகாவே என்ற, கற்றாழை மாதிரியான செடியிலிருந்து மெக்சிகோவில் காய்ச்சும் மதுதான் டெக்கீலா; அதில் நன்றாக முதிர்ந்த வகை இது. அதாவது மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஓக் பீப்பாயில் கிடந்தது.

நான் லண்டனில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை செய்கிறேன். எழுதியது டபிள்யூ.எஸ்.இ.டி. (ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட்) என்ற அமைப்பின் மூன்றாம் நிலை ஸ்பிரிட்ஸ், அதாவது காய்ச்சி வடித்த மதுவகைகள் பற்றிய தேர்வு. 1969-இல் லண்டனில் தொடங்கிய அமைப்பு. ஒயின் படிப்புக்காகத்தான் பெயர் பெற்றது, ஸ்பிரிட்ஸுக்குத் தனிப் படிப்பு பிற்பாடு வந்தது. ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, “இதுக்கெல்லாமாடா பரிட்சை வைப்பாங்க?” என்று கேட்டார். வைக்கிறார்கள் அம்மா, ஃபெயிலும் ஆக்குகிறார்கள். எழுத்துத் தேர்வு தனி, சுவைத் தேர்வு தனி. சுவைத் தேர்வில் இரண்டு கிளாஸ், முப்பது நிமிடம், என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். எழுத்து, சுவை இரண்டிலும் தனித்தனியாக 55 சதவீதம் வாங்க வேண்டும். எழுத்தில் எனக்குப் பயமில்லை. மூக்குதான் ஏமாற்றியது. கடைசியில் மெரிட்டில் தேறினேன் என்பதால்தான் தைரியமாக இதை எழுதுகிறேன்.

எழுத்துத் தேர்வுக்குத் தேவையானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மனப்பாடக் கணக்கு. டெக்கீலா மெக்சிகோவின் ஐந்து மாநிலங்களில்தான் செய்யலாம்: ஹலிஸ்கோ முழுவதும், குவானஹுவாத்தோ, மிச்சோவாகான், நயாரித், தமௌலிபாஸ் ஆகியவற்றில் சில பகுதிகள். இந்தப் பெயருக்கு 1974-இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. மூலப்பொருள் நீல அகாவே என்ற ஒரே ரகம். நம்மூர் தண்டவாள ஓரத்தில் நிற்கும் ரயில் கற்றாழைக்குச் சொந்தக்காரன். சோற்றுக் கற்றாழைக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. பெரும்பாலும் பீப்பாயே பார்க்காதது பிளாங்கோ. ரெபோசாடோவுக்கு ஓக்கில் குறைந்தது இரண்டு மாதம். அன்யெஹோவுக்கு ஒரு வருடம், அதுவும் 600 லிட்டருக்கு மேல் போகாத பீப்பாயில். எக்ஸ்ட்ரா அன்யெஹோவுக்கு அதே அளவு பீப்பாயில் மூன்று வருடம்; இந்த வகையைச் சட்டத்தில் சேர்த்ததே 2006-இல்தான்.

இதில் 600 லிட்டர் என்ற எண்ணை மட்டும் நின்று யோசித்துப் பாருங்கள். பலரும் மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப் போகும் இடம் இது. பீப்பாய் சின்னதாக இருந்தால் உள்ளே இருக்கும் திரவத்தில் அதிகப் பங்கு மரத்தைத் தொடும். பர்பன் ஊறிய பழைய பீப்பாய் சுமார் 200 லிட்டர். பெரும்பாலான அன்யெஹோ அதில்தான் ஊறுகிறது. ரெபோசாடோவுக்கு அளவு வரம்பு இல்லை, பல ஆயிரம் லிட்டர் மரத் தொட்டியிலும் வைக்கலாம். அதனால் இரண்டு ரெபோசாடோ பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்று வைக்கோல் நிறம், இன்னொன்று பொன்னிறம். எர்ராதூரா கம்பெனியின் ரெபோசாடோ 11 மாதம் பீப்பாயில் கிடக்கிறது, கிட்டத்தட்ட அன்யெஹோதான். நிறத்தைப் பார்த்து வயதை எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, அகாவே எங்கே போனது?

அதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது புத்தகம் இல்லை. எங்கள் கிச்சனில் வேலை பார்க்கும் ஹலிஸ்கோக்காரர் ஒருவர் விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு துண்டு கொண்டுவந்தார். பழுப்பு நிறம், தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. வேகவைத்த அகாவே, அவர் ஊர்ப்பக்கம் இதைத் தின்பண்டமாக விற்பார்களாம். கரும்பு மாதிரிதான், கடித்து மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டும். வாயில் போட்டதும் எனக்கு வந்தது சுட்ட சக்கரவள்ளிக்கிழங்கு. அதன்மேல் கருப்பட்டி. பின்னால் லேசாகப் புகையும் ஒரு புளிப்பும். சக்கையைத் துப்பிய கையோடு ஒரு பிளாங்கோவை முகரச் சொன்னார். அதே கிழங்கு! இத்தனை வருடம் பாரில் நின்று ஆயிரக்கணக்கில் ஊற்றியிருக்கிறேன், ஒரு நாளும் அதை முகர்ந்ததில்லை.

பின்னணி இதுதான். அகாவே விளைய ஐந்து வருடத்துக்குக் குறையாது, ஏழெட்டு வருடமும் ஆகும். ஹிமடோர் எனப்படும் தொழிலாளி, நீளக் கைப்பிடி போட்ட கோவா என்ற வட்டக் கத்தியால் இலைகளைச் சீவித் தள்ளிவிட்டுப் பருத்த நடுத்தண்டை எடுப்பார். பார்க்க அன்னாசி மாதிரி இருப்பதால் அதற்குப் பீன்யா என்றே பெயர். அதில் இருக்கும் மாவுச்சத்து போன்ற பிரக்டான் அப்படியே புளிக்காது. வெந்தால்தான் சர்க்கரையாக உடையும். செங்கல் அடுப்பில் ஒன்றரை, இரண்டு நாள் மெதுவாக வேகும்போது அந்தச் சர்க்கரை கருகத் தொடங்குகிறது. கிழங்கு-கருப்பட்டி வாசனை பிறக்கும் இடம் அதுதான். பிறகு பிழிந்து, புளிக்கவைத்து, இரண்டு முறை காய்ச்சி வடித்த பின்னும் அது தப்பித்து வருகிறது. பீப்பாயில் போன பிறகுதான் மரம் அதன்மேல் ஏறி உட்கார்கிறது. வெனிலா, தேங்காய், கிராம்பு எல்லாம் ஓக்கின் சரக்கு. பர்பனிலும் அதே மரம், அதனால் அதே வாசனை. நான் எழுதியது தப்பில்லை, பாதிதான். மரத்தை வர்ணித்துவிட்டு, மரம் எதைத் தாங்கி நிற்கிறது என்று பார்க்காமல் விட்டேன்.

அதன் பிறகு பயிற்சியை மாற்றிக்கொண்டேன். பத்து கம்பெனி பாட்டில்களை வாங்கி அடுக்காதீர்கள், பணம்தான் போகும். ஒரே ஆலையின் பிளாங்கோ, ரெபோசாடோ, அன்யெஹோ மூன்றையும் வாங்குங்கள், அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது தபாத்தியோ. அரந்தாஸ் ஊரில் 1937-இல் தொடங்கிய லா அல்தென்யா ஆலையில் கமரேனா குடும்பம் செய்வது. பாட்டிலில் நோம் 1139 என்று இருக்கும். எல்லா டெக்கீலா பாட்டிலிலும் இப்படி ஒரு நோம் எண் உண்டு, எந்த ஆலையில் செய்தது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். வேறு வேறு பெயரில், வேறு வேறு விலையில் ஒரே எண்ணைப் பார்க்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரும்.

மூன்றையும் வரிசையாக வைத்து, பிளாங்கோவில் தொடங்கி மேலே போங்கள். பிளாங்கோவில் கிழங்கும் வெள்ளை மிளகும் பச்சை வாசமும் முன்னால் நிற்கும். ரெபோசாடோவில் மிளகு கூர்மை மழுங்கி, பட்டை வந்து சேரும். அன்யெஹோவில் முதலில் வெனிலா. அவசரப்படாமல் கிளாஸை அப்படியே இரண்டு நிமிடம் விடுங்கள், அடியிலிருந்து கிழங்கு எழுந்து வரும். பிறகு யாரையாவது கிளாஸ்களை மாற்றி வைக்கச் சொல்லிக் கண்டுபிடியுங்கள். இதை ஒரு வாரம் செய்தபோதே என் மூக்கு திருந்திவிட்டது. அடுத்து, அன்யெஹோவுக்குப் பக்கத்தில் ஒரு பர்பனையும் ஒரு முதிர்ந்த ரம்மையும் வைத்துப் பாருங்கள். என்னைக் கவிழ்த்த இடம் அதுதானே.

முகர்வதில் ஒன்று. ஒயினைப் போலக் கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விடாதீர்கள். 40 சதவீத ஆல்கஹால் அடித்து மூக்கு மரத்துவிடும். தாடைக்குக் கீழே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு மெல்ல மேலே கொண்டுவாருங்கள். முதல் மிடறு வாய்க்குப் பழக்கம்தான், இரண்டாவது மிடறில்தான் தீர்ப்பு. சில துளி தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் துப்பிவிடுங்கள். துப்பினாலும் ஏறும், அதனால் ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். இன்னொன்று, வீட்டில் பெருங்காயம் போட்டு ரசம் தாளித்த அன்று பயிற்சி வேண்டாம். அன்று எனக்கு எல்லா டெக்கீலாவும் ரசமாகவே இருந்தது.

விடைத்தாளில் சக்கரவள்ளி, கருப்பட்டி என்று எழுத முடியாது. அவர்களுக்கென்று ஒரு சொற்பட்டியல் உண்டு. அதனால் ஒரு சின்ன நோட்டில் இடப்பக்கம் என் சொல், வலப்பக்கம் அவர்கள் சொல் என்று எழுதி வைத்தேன். சுட்ட கிழங்கு என்றால் வெந்த அகாவே. கொப்பரை என்றால் ஓக் தேங்காய். நம் மூக்குக்கு நினைவிருப்பது நம் அடுக்களைதான். அதில் தேடிப் பிடித்து, பிறகு மொழி மாற்றி எழுதுவது, நேராகப் பட்டியலை உருப்போடுவதைவிட வேகமாக இருந்தது. நிறம், வாசனையின் வீரியம், இனிப்பு, வாயில் அதன் பதம், பின்சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, கடைசியில் தரம்: இந்த வரிசையைக் கை தானாக எழுதும் அளவுக்குப் பழகுங்கள். தரம் என்று சொல்லும்போது காரணமும் சொல்ல வேண்டும். முதிர்ந்த டெக்கீலாவுக்கு என் காரணம் எப்போதும் ஒன்றே: அகாவே தெரிகிறதா இல்லையா.

அதனால்தான் வயதை மட்டும் வைத்து நான் மதிப்பதில்லை. ஹலிஸ்கோ வெயிலில் மரம் சீக்கிரம் இறங்கிவிடும். ஸ்காட்லாந்து விஸ்கிக்குப் பன்னிரண்டு வருடம் என்பது சாதாரணம், ஹலிஸ்கோவில் ஐந்து வருடத்துக்குள் டெக்கீலா மரச்சாறாகிவிட வாய்ப்பு உண்டு. நன்றாக வந்தால், எல் தெசோரோ கம்பெனியின் பாரதிசோ மாதிரி, காக்னாக் பிராந்தி ஊறிய பீப்பாயும் பார்த்து, ஐந்து வருடம் முதிர்ந்த பிறகும் கிழங்கு வாசம் கேட்கும்.

இன்னும் ஒரு பொறி. கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றைச் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. எடையில் 1 சதவீதம் தாண்டாவிட்டால் லேபிளில் சொல்ல வேண்டியதில்லை. கேக் கடை வெனிலா எஸன்ஸ் மாதிரி அடித்து, உதட்டில் இனிப்பு ஒட்டி, அடியில் ஒன்றுமே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும். உள்ளங்கையில் துளி விட்டுத் தேய்த்து ஒட்டுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. நானும் செய்வேன், ஆனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கிறிஸ்தாலினோ இன்னொரு வேடிக்கை. முதிர்ந்த டெக்கீலாவைக் கரியில் வடிகட்டி நிறத்தை எடுத்துவிடுவார்கள். டான் ஹூலியோ 70 அப்படிப்பட்டதுதான். தண்ணீர் மாதிரி இருக்கும், முகர்ந்தால் வெனிலா. நிறமில்லை என்பதால் பிளாங்கோ என்று எழுதிவிடாதீர்கள்.

தேர்வு நாளில் முதல் கிளாஸ் நிறமில்லாதது, எளிதாக முடிந்தது. இரண்டாவது, வெளிர் பொன். மாதிரித் தேர்வு ஞாபகம் வந்து கை கொஞ்சம் வியர்த்தது. முதல் மோப்பத்தில் வெனிலா. எழுதிக்கொண்டேன். பட்டை. அதையும் எழுதினேன். பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. முடித்தவர்கள் சிலர் பேனாவை வைத்துவிட்டார்கள். நான் கிளாஸைத் தொடாமல் அப்படியே விட்டு, முதல் விடையைத் திருத்திக்கொண்டிருந்தேன். திரும்ப எடுத்து முகர்ந்தபோது வெனிலா அடங்கியிருந்தது. அடியில், தாழ்வாக, தணலில் போட்ட கிழங்கு.