ஐந்துக்கு ஐந்து வாங்கிய பயிலரங்கு

புதிதாகச் சேர்ந்த கற்பித்தல் உதவியாளர்களுக்குப் பயிலரங்கு நடத்தினோம். முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுத்தால், எல்லாரும் ஐந்துக்கு ஐந்து. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறு வாரம் கழித்து அவர்களில் ஒருவரின் வகுப்பில் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். கேள்வி கேட்டார், இரண்டு விநாடிகூட விடாமல் பதிலையும் அவரே சொல்லிவிட்டார். "கேட்டபின் காத்திருங்கள்" என்று அரை மணி நேரம் பேசியவன் நான்!

பயிற்சியை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே 4 படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் கிடைத்ததா. நாங்கள் முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டோம்.

இன்னொரு வேடிக்கை. முதல் நாள் 'விடைத்தாள் திருத்த நன்றாகத் தெரியும்' என்றவர், பயிற்சிக்குப் பின் தெரியாதது எவ்வளவு என்று புரிந்து, தனக்கே குறைத்து மதிப்பெண் போடுவார். கணக்குப் பார்த்தால் பயிற்சியால் திறமை குறைந்த மாதிரி இருக்கும். அதனால் 'அன்று எப்படி, இன்று எப்படி' என்று இரண்டையும் முடிவில் சேர்த்துக் கேட்பது மேல்.

அடுத்த முறை ஒரே விடைத்தாளை எல்லாரிடமும் கொடுத்துத் திருத்தச் சொல்லி, மதிப்பெண்கள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கப்போகிறேன். படிவமும் இருக்கும். சரி, ஏசி குளிரைப் பற்றிப் புலம்ப ஓர் இடம் வேண்டுமே!