கேதார்கந்தா போறதுக்கு முன்னாடி தலைக்குந்தா

ஜனவரில செட்டா இமயமலைல கேதார்கந்தா சிகரம் ஏறப் போறோம்னு சொன்னதும் வீட்ல எல்லாரும் ஒரே கேள்வி, ஊட்டிக்காரனுக்கு குளிரும் மலையும் புதுசாடான்னு. பாதி சரிதான். உத்தரகாண்ட்ல நடக்க ஆரம்பிக்கிற சாங்க்ரி ஊரு சுமார் 1,950 மீட்டர், நம்ம ஊட்டி 2,240, அதனால ஊர்ல இருந்து கீழ போய்த்தான் ஏறவே ஆரம்பிக்கணும். ஆனா அந்த உச்சி சுமார் 3,800 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637லயே நின்னுடுது, அதுக்கு மேல பழகிப் பாக்க இங்க மலையே இல்ல.

செட்ல ஒருத்தன் ஏற்கனவே போயிட்டு வந்தவன், அவன்தான் இப்ப வாத்தியார். ஏறுறத விடுங்கடா எறங்குறதப் பாருங்கன்னுட்டான். பைல தண்ணி பாட்டிலா ரொப்பிக்கிட்டு குன்னூர் பக்கம் எஸ்டேட் ஒத்தையடிப் பாதைல ஏறி, அதே வெயிட்டோட எறங்கணும், மேல போனதும் தண்ணிய கொட்டக் கூடாது. ஏறும்போது மூச்சு வாங்குறதோட சரி, எறங்கின மறுநாள் மாடிப்படி எறங்கும்போது தான் தொடை பேசுது. விடியறதுக்கு முன்னாடி மட்டும் கிளம்புறதில்ல, காட்டெருமை நிக்கும், அதுகிட்ட வழி விடுன்னு சொல்ல முடியாது.

அடுத்து உறைபனி. மேல போகப் போக பனி ஜாஸ்தின்னு டூரிஸ்ட் எல்லாம் தொட்டபெட்டாவுக்கு ஓடுவாங்க, ஆனா மேகமும் காத்தும் இல்லாத ராத்திரில குளிர்ந்த காத்து கனமாகி பள்ளத்துல தான் வந்து தேங்கும், அதான் ஊட்டி பக்கத்துல பள்ளமா இருக்குற தலைக்குந்தா புல்வெளி வெள்ளையாகுது. இமயமலை மாதிரி இங்க வானத்துல இருந்து பனி கொட்டாததுக்கும் அதே கதை தான், உறையுற ராத்திரில மேகம் இருக்காது, மேகம் இருக்குற ராத்திரில அவ்ளோ குளிராது.

அங்க வெயில் விழறதுக்குள்ள போய் செஞ்சு பாத்தது எல்லாம் சின்ன சின்ன வேலைங்க. கிளவுஸ் போட்டுக்கிட்டே ஷூ லேஸ் கட்டுறது, ஜிப்ப திறக்குறது, பனில வழுக்காம இருக்க ஷூவுக்கு அடில மாட்டுற மைக்ரோஸ்பைக்க மாட்டிக் கழட்டுறது. கேக்க சப்பையா இருக்கும், செஞ்சு பாருங்க, கடுப்பாயிடும். உச்சிக்கு நடுராத்திரி தாண்டி கிளம்பி இருட்டுல இதெல்லாம் செய்யணுமாம், வெயில் ஏறினா பனி இளகி கால் உள்ள போகும்ங்கிறதால. இன்னொண்ணு, காட்டன் பனியன் போட்டு ஓடினவன் வேர்த்து நின்னதும் நடுங்கிட்டான், அவன் பக்கத்துலயே தெர்மல் போட்டவன் நல்லா தான் இருந்தான். துணி விஷயத்துல அன்னைக்கே எல்லாரும் வாய மூடிட்டோம்.

ஆனா இந்த உறைபனி வேற, கேதார்கந்தால கொட்டிக் கிடக்குற பனி வேற. இங்க புல்லு மேல மெலிசா ஒரு படலம், மிதிச்சா நொறுங்கும், அவ்ளோதான். அங்க ஏறும்போது ஷூ முனையால குத்தி படி மாதிரி வெட்டிக்கணும், எறங்கும்போது குதிகால அழுத்தி ஊனணும். குதிகால் விஷயத்த மண்ணு சரியுற சரிவுல கொஞ்சம் பழகியாச்சு, முனையால குத்துறத அங்க போய்த்தான் பாக்கணும்.

உயரத்துக்கு பயிற்சி இல்லாததால ஒரே ஒரு ரூல் போட்டிருக்கோம். உயரம் ஒத்துக்காம தலைவலியோ வாந்தியோ வந்தா மறைக்காம சொல்லணும், மேல ஏறக் கூடாது, குறையலன்னா கூட ஒருத்தர் துணைக்கு எறங்கணும். அந்த ஒருத்தர் யாருன்னு தான் டீக்கடைல இன்னும் பஞ்சாயத்து ஓடுது.